போர் விமான மாதிரியை மாற்றி அமைப்போருக்கு

2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானத் தளத்தில் நிலைபெற்ற 222-ஆம் அணியின் சுகோய்-30 எம்.கே.ஐ. விமானத்தை, 72-இல் ஒரு பங்கு அளவில், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளத்தில் சொந்தக் கையால் உருவாக்க விரும்புவோர், இருவர் அமரும் சுகோய்-27 மாதிரியின் உடலை எடுத்துக்கொண்டு, பிரதான இறக்கைகளுக்கு முன்னே இரு சிறு இறக்கைகளையும் மூக்கின் கீழ் இரட்டைச் சக்கரத்தையும் வேறு மாதிரிப் பெட்டியிலிருந்து சேர்க்கலாம்.

இணைப்பின் இடைவெளியை அடைக்க, சென்னைக் காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசினை மட்டும் எக்காரணத்தாலும் நாடவேண்டாம். அதில் கலந்துள்ள ஸ்டைரீன் திரவம், பாலிஸ்டைரீனால் வார்க்கப்பட்ட மாதிரியையே கரைத்து உருக்குலைத்துவிடும் சுபாவமுடையது. எம்-சீல் போன்ற எபாக்ஸியைப் பூசி, ஒரு நாள் இறுகவிட்டு, நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பதே உத்தமம்.

ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்து ஈரக் காற்றில் லாக்கர் வர்ணம் வெண்மையாகப் பூத்துப்போகும் ஆதலால், கடற்காற்று எழுமுன் வறண்ட முற்பகலில் மெல்லிய பூச்சுகளாகத் தெளிக்கவேண்டும். எண்ணூர்வாசிகள் அனல்மின் நிலையச் சாம்பல் படியாதவாறு உடனே பெட்டியால் மூடிவைப்பது அவசியம். இறுதியில் ஒட்டும் இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் காவி வெளியிலும் பச்சை நடுவிலும் அமையவேண்டும்.