களப்பணிக்கு ஜி.பி.எஸ். வாங்கப் போகிறீர்களா?

வனக் கணக்கெடுப்பு, ஏரி குள ஆய்வு, தொல்லியல் களஆய்வு, ஆழ்கடல் மீன்பிடிப்பு என வேலை எதுவானாலும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: ஃபோன் போதுமா, தனிக் கருவி வேண்டுமா?

ஊருக்குள், சாலை ஓரமாக, பகலில் சில மணி நேர வேலை என்றால் ஃபோனே போதும். இடம் காட்டும் துல்லியத்தில் இன்றைய ஃபோன் சாதாரணக் கையடக்கக் கருவிக்கு அதிகம் பின்தங்கவில்லை. செல்ஃபோன் கோபுரம் எட்டாத இடத்திலும் அது செயற்கைக்கோளைப் பிடித்துவிடும். தனிக் கருவி தேவைப்படுவது வேறு காரணங்களுக்காக. உச்சி வெயிலில் திரை தெளிவாகத் தெரிய வேண்டும். ஈரக் கையால் பட்டனை அழுத்த முடிய வேண்டும். பாறையில் விழுந்தால் எடுத்துத் துடைத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். மின்சாரம் இல்லாத முகாமில் மூன்றாம் நாளும் அது வேலை செய்ய வேண்டும். இவற்றில் குறைந்தது இரண்டு உங்கள் வேலைக்குப் பொருந்தினால் வாங்குங்கள்.

வாங்கும்போது முதலில் பேட்டரியைப் பாருங்கள். உள்ளேயே பொருத்திய சார்ஜ் பேட்டரி அழகாக இருக்கும். நாள்கணக்கில் காட்டில் தங்குகிறவருக்கு என் ஓட்டு ஏ.ஏ. செல் போடும் மாடலுக்குத்தான். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே செல், மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் அந்த மலிவு செல்லை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றாட வேலைக்கு நல்ல ரீசார்ஜ் செல் இரண்டு ஜோடி வேண்டும். எந்த வகை செல் போட்டிருக்கிறீர்கள் என்பதை மெனுவில் மாற்றவும் வேண்டும். மாற்றாவிட்டால் மீதி எவ்வளவு என்று கருவி காட்டும் அளவை நம்ப முடியாது.

அடுத்தது எலக்ட்ரானிக் திசைகாட்டி. விலை குறைந்த சில மாடல்களில் இது இருக்காது. அவற்றில் நீங்கள் நடந்துகொண்டிருக்கும் வரை அம்பு சரியான பக்கம் காட்டும். நின்றுவிட்டால் அதற்குத் திசை தெரியாது. அடர்ந்த காட்டில் நின்று யோசிக்கும்போதுதான் அம்பு அதிகம் தேவைப்படும் என்பதால், இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். செல் மாற்றும் ஒவ்வொரு முறையும் திசைகாட்டியைச் சீர்செய்யவும் மறக்காதீர்கள். பள்ளத்தாக்கிலும் மரக்கூரைக்குக் கீழும்தான் பெரும்பாலான வேலை என்றால், இரண்டு அலைவரிசைகளைப் பிடிக்கும் மாடலுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். கார்மினின் ஜி.பி.எஸ்.மேப் 65எஸ் அப்படிப்பட்டது; ஏ.ஏ. செல்லிலேயே ஓடும். கடலுக்குப் போகிறவர்கள் தண்ணீரில் மிதக்கும் மாடலை வாங்க வேண்டும். ஐ.பி.எக்ஸ்.7 என்ற நீர்காப்புத் தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள். மிதக்காத கருவி மூழ்கிப் போனால் அந்த உத்தரவாதத்தால் யாருக்கும் பயனில்லை.

பழைய கருவியை வாங்குவதாக இருந்தால் திறந்த வெளியில் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் தேதியைப் பாருங்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். அதற்குத் தக்க மென்பொருள் மாற்றப்படாத சில பழைய கருவிகள் கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் போன தேதியைக் காட்டும். தேதியும் நேரமும் தவறாகப் பதிந்த களத்தரவை எந்த அலுவலகமும் ஏற்காது.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் ஒருவர் ஆசையாகக் கருவி வாங்கி வருவார். அதில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி இருந்தால், அதாவது பெட்டியில் இன்ரீச் என்று போட்டிருந்தால், வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். விவரம் தெரியாமல் பையில் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களிலேயே பிடிபட்டிருக்கிறார்கள். சிக்னலைப் பெற மட்டும் செய்யும் சாதாரண ஜி.பி.எஸ்.ஸுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

கருவி கைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. நீங்கள் குறிக்கும் இடத்துக்கு நாளை உங்களைத் தெரியாத ஒருவர் போய்ச் சேர வேண்டும். அதைக் கெடுப்பவை பெரும்பாலும் அமைப்புகளில் இருக்கும் மூன்று விஷயங்கள்.

ஒன்று, எண்ணை எழுதும் வடிவம். கருவி 11 டிகிரி 24.50 நிமிடம் என்று காட்டுகிறது. எழுதிக்கொள்பவர் அதை 11 டிகிரி 24 நிமிடம் 50 விநாடி என்று குறிக்கிறார். அரை நிமிடம் என்பது முப்பது விநாடி. அவர் இருபது விநாடி கூட்டி எழுதிவிட்டார். ஒரு விநாடி ஏறக்குறைய 31 மீட்டர். ஆக 600 மீட்டருக்கு மேல் பிசகு. நீலகிரியில் அது வேறொரு சரிவு, வேறொரு ஓடை. குழுவில் எல்லாரும் ஒரே வடிவத்தில் எழுதுங்கள். கணினியில் ஏற்றும் வேலை என்றால் தசம டிகிரியும் ஐந்து தசம இடங்களும் போதும்; ஐந்தாவது இடம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கும். அதற்கு மேல் எழுதும் இலக்கங்கள் இந்தக் கருவியின் சக்திக்கு மீறியவை.

இரண்டு, டேட்டம், அதாவது எண்கள் எந்த அடித்தளத்தின்மேல் கணக்கிடப்படுகின்றன என்பது. கருவியை டபிள்யூ.ஜி.எஸ்.84-இல் வைத்துவிட்டு அதைத் தொடாதீர்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ ஷீட்கள் எவரெஸ்ட் 1830 என்ற வேறு அடித்தளத்தில் வரையப்பட்டவை. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த பொதுப் பயன்பாட்டு வரைபடங்கள்தான் டபிள்யூ.ஜி.எஸ்.84-க்கு மாறின. பழைய தாளில் கருவியின் எண்ணை அப்படியே குறித்தால், தமிழ்நாட்டில் புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். அந்த மாற்றத்தை அலுவலகக் கணினியில் செய்துகொள்ளலாம். களத்தில் கருவியைப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

மூன்றாவது நம் மாநிலத்துக்கென்றே உள்ள தலைவலி. மீட்டர் கணக்கில் எழுதும் யு.டி.எம். முறையில் உலகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 43, 44 ஆகிய இரண்டு மண்டலங்களின் எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டின் நடுவே, திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையில் போகிறது. கோவை, நீலகிரி, கொடைக்கானல், நெல்லை, நாகர்கோவில் எல்லாம் 43. சென்னை, திருச்சி, மதுரை, ராமேசுவரம் 44. கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு இறங்கி வந்தால் வழியில் கிழக்குத் தூரம் சுமார் 8,29,000 மீட்டரிலிருந்து திடீரென்று 1,71,000-க்குக் குதிக்கும். கருவி கெட்டுவிட்டதாகப் பதறவும் வேண்டாம், மண்டல எண்ணை எழுதாமல் விடவும் வேண்டாம். எல்லையின் இருபுறமும் வேலை என்றால் யு.டி.எம்.மைக் கைவிட்டு அட்சரேகை, தீர்க்கரேகையிலேயே எழுதுங்கள்.

இனி இடத்தைக் குறிக்கும் முறை. கருவியை ஆன் செய்த உடனே எந்தப் புள்ளியையும் போடாதீர்கள். நீண்ட நாள் அணைத்து வைத்திருந்தாலோ தொலைதூரம் கொண்டுவந்திருந்தாலோ செயற்கைக்கோள்களைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் ஆகும். வானம் தெரியும் இடத்தில் நின்று, உடம்பை ஒட்டாமல் கருவியைத் தள்ளிப் பிடியுங்கள். திரையில் காட்டும் பிழை அளவு இறங்கி ஓரிடத்தில் நிலைத்த பிறகு குறியுங்கள். மரக்கூரையின் கீழ் என்றால் சராசரி எடுக்கும் வசதியைப் பயன்படுத்தி இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள். கருவி தானாக வைக்கும் 001, 002 என்ற பெயர்களோடு விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் எது கிணறு, எது கல்வெட்டு என்பது உங்களுக்கே தெரியாது. நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எண், பிழை அளவு, அங்கே கண்டது மூன்றையும் எழுதுங்கள். காலையில் கருவியின் கடிகாரத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்தால், அன்று எடுத்த எல்லாப் படங்களையும் நேரம் பார்த்து இடத்தோடு பொருத்திவிடலாம். மாலையில் தரவைக் கணினியில் ஏற்றி, ஜி.பி.எக்ஸ். மூலக் கோப்பை யாரும் திருத்தாதபடி தனியாக வைத்துவிடுங்கள். அரிய ஆர்க்கிட், கழுகுக் கூடு போன்றவற்றின் எண்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகவே கூடாது; திருடர்களுக்கு அதைவிடச் சுலபமான வழி வேறில்லை.

உயரத்தை மிகவும் யோசித்துத்தான் நம்ப வேண்டும். சென்னைக் கடற்கரையில் நின்று சில ஃபோன் ஆப்களைப் பார்த்தால், நீங்கள் கடலுக்கு எண்பது, தொண்ணூறு மீட்டர் கீழே இருப்பதாகக் காட்டும். கணக்குக்காக வைத்துக்கொண்ட நீள்கோளத்துக்கும் உண்மையான கடல் மட்டத்துக்கும் நம் பகுதியில் அவ்வளவு இடைவெளி. கையடக்கக் கருவிகள் பொதுவாக இதைச் சரிசெய்துதான் காட்டும். அப்போதும் உயரத்தின் பிழை இடத்தின் பிழையைவிட அதிகம். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் மாடல் என்றால், போகிற வழியில் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் கடல் மட்ட உயரத்தை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

பட்டா நிலத்தின் எல்லையைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஐந்து சென்ட் மனை சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 14 மீட்டர்தான். மூன்று முதல் ஐந்து மீட்டர் பிசகும் கருவியால் அதை அளந்தால் பக்கத்து வீட்டாரோடு பகைதான் மிஞ்சும். அதற்கு சர்வேயரும் அவருடைய கருவிகளும் இருக்கின்றன.

கடலில் இதே கருவி உயிர்க்காவல். பாக் நீரிணையில் இந்திய–இலங்கைக் கடல் எல்லை 1974 ஒப்பந்தத்தால் வகுக்கப்பட்டது. கடலில் அதற்கு வேலியும் கிடையாது, மிதவையும் கிடையாது. கருவியில் எல்லைக்கு முன்பே எச்சரிக்கை ஒலிக்கும்படி தாராளமான இடைவெளி வைத்துப் புள்ளிகளைப் போடுங்கள். வலை கடலில் கிடக்கும்போது நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போகும், எஞ்சினைப் போட்டுத் திரும்ப நேரம் பிடிக்கும். ஆள் தவறி விழுந்தால் அந்த நொடியின் இடத்தைப் பதியும் வசதி கருவியில் எங்கே இருக்கிறது என்பதைக் கரையிலேயே படகில் இருக்கும் எல்லாரும் அழுத்திப் பழகியிருக்க வேண்டும். விழுகிறவர் ஓட்டுநராகவும் இருக்கலாம்.

உதவி கேட்க வி.எச்.எஃப். 16-ஆம் சேனல், சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554. இடத்தைச் சொல்லும்போது முதலில் அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை. ‘ஒன்பது டிகிரி, பதினேழு புள்ளி ஐந்து நிமிடம், வடக்கு’ என்று புள்ளி எங்கே வருகிறது என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவரை அதே எண்ணைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, சரி என்று உறுதி செய்த பிறகு அடுத்த எண்ணுக்குப் போங்கள்.