ஓடுறதுக்கு முன்னாடியே சந்தா கட்டாதீங்க: ஜி.பி.எஸ். ஆப்பை பாஸ்புக் மாதிரி பயன்படுத்துவது எப்படி?



ரெண்டு வருஷம் முன்னாடி, ஆடிட் சீசன் முடிஞ்ச கையோட ரத்தப் பரிசோதனை செய்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. "தினமும் வேர்க்க விறுவிறுக்க நடங்க" என்றார் டாக்டர். நான் என்ன செய்தேன்? அன்னிக்கு ராத்திரியே ஒரு ஃபிட்னெஸ் ஆப்புக்கு ₹3,600 வருடச் சந்தா கட்டினேன். வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தா மொத்தமே 12 ஓட்டம். ஒரு ஓட்டத்துக்கு ₹300! காசு கட்டினதையே உடற்பயிற்சி செய்ததா நினைச்சுக்கிட்டேன். ஊருக்கெல்லாம் கணக்கு சொல்ற எனக்கே இந்த நிலைமை.

இப்போ இலவசப் பதிப்பில்தான் ஓடுறேன். கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

1. அளவு எப்படி வருது?

குறைந்தது நாலு செயற்கைக்கோள்களின் சிக்னலை வெச்சுத்தான் போன் நீங்க நிற்கிற இடத்தைக் கணக்கிடுது. இதுக்கு மொபைல் டேட்டா தேவையில்லை; மேப் படம் வரத்தான் டேட்டா. திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகு இருக்கும். ராஜா அண்ணாமலைபுரத்தில் நான் ஓடும்போது திரு.வி.க. பாலத்து மேல கோடு நேரா விழும். போட் கிளப் பக்கம் மர நிழலிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் கோணல்மாணலா வளையும். அந்த வளைவும் தூரக் கணக்கில் சேர்ந்துடும்.

2. கிளம்புறதுக்கு முன்னாடி

ஆப்புக்கு லொக்கேஷன் அனுமதி கொடுங்க. பேட்டரி சேவரை அணைச்சிடுங்க, இல்லேன்னா பாதி வழியில் பதிவு நின்னுடலாம். வெட்டவெளியில் நின்னு, சிக்னல் கிடைச்ச பிறகு ஸ்டார்ட் அழுத்துங்க. சிக்னலில் நிற்கிற நேரம் கணக்கில் வராம இருக்க ஆட்டோ பாஸ் வசதியை ஆன் செய்யுங்க.

3. எந்த எண்ணைப் பார்க்கணும்?

5 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் முடிச்சா, உங்க வேகம் கிலோமீட்டருக்கு 8 நிமிடம். ஆனா ஒரு நாள் வேகத்தைப் பார்த்து ஆடவும் வேண்டாம், வாடவும் வேண்டாம். தினமும் என்.ஏ.வி. பார்க்கிறவர் நிம்மதியா தூங்குவாரா? வார மொத்தத்தைப் பாருங்க. வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 30 நிமிடம், அஞ்சு நாள். இதுதான் உங்க எஸ்.ஐ.பி.

கலோரி எண்ணிக்கை? அது வெறும் உத்தேசம், ஆடிட் ஆகாத கணக்கு. அதை நம்பி பெசன்ட் நகர் பீச்சில் பஜ்ஜி சாப்பிட்டுட்டு வராதீங்க!

4. வீட்டு வாசலை மறைங்க

2018 ஜனவரியில், ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகளே தெரிஞ்சது பெரிய சர்ச்சையானது. நம்ம ஓட்டம் ராணுவ ரகசியம் இல்லை. ஆனா தினமும் ஒரே வாசலில் தொடங்கி முடிஞ்சா, வீடு எது, எத்தனை மணிக்கு ஆள் இருக்க மாட்டாங்க என்பது ரெண்டும் வெளியில் தெரியும். செட்டிங்ஸில் தொடக்க, முடிவு இடங்களை மறைச்சு, பதிவு உங்களுக்கு மட்டும் தெரியும்படி வைங்க.

5. எப்போ காசு கட்டலாம்?

தூரம், நேரம், வேகம், பாதை இவ்வளவும் ஸ்ட்ராவா, நைக் ரன் கிளப் போன்ற ஆப்களில் இலவசமாவே கிடைக்கும். என் விதி இது: மூணு மாசத்தில் 36 ஓட்டம் பதிவானா மட்டும் சந்தாவைப் பற்றி யோசிங்க. அப்பவும், எந்த வசதி இல்லாம கஷ்டப்படுறீங்கன்னு ஒரு வரியில் எழுதிப் பாருங்க. எழுத முடியலைன்னா அது தேவை இல்லை, ஆசை.

இலவச டிரையல் எடுத்தா முடியும் தேதியைக் காலண்டரில் குறிங்க. ஆப்பை போனில் இருந்து நீக்கினா மட்டும் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரின் சந்தாப் பகுதியில் போய் ரத்து செய்யணும். "சார், இதை 80டி-யில் காட்டலாமா?" என்று கேட்கிறவங்களுக்கு: ஆப் சந்தாவுக்கும் ஜிம் கட்டணத்துக்கும் வரிக்கழிவு கிடையாது.

என் கணக்கைச் சொல்லி முடிச்சிடுறேன். இந்த வருஷம் இதுவரை 94 ஓட்டம், சந்தாச் செலவு பூஜ்யம். சர்க்கரையும் எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கு.

நாளைக்குக் காலையில் ஷூவை மாட்டுங்க. சந்தா காத்திருக்கும், உடம்பு காத்திருக்காது. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!