கோட்டை இடிந்தது, புல்வழி இருக்கிறது

கேம்பிரிட்ஜ்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள நிலா,

சாஃப்ரன் வால்டனுக்கு நாளை நீயும் சந்துருவும் மட்டும்தான் போக வேண்டியிருக்கும். எனக்குச் சனிக்கிழமையும் டியூட்டி. கூட வந்திருந்தால் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்திருப்பேன். அதையெல்லாம் இதில் எழுதிவிட்டேன். ரயிலில் படித்துக்கொண்டே போ. ஆட்லி எண்ட் ஸ்டேஷனில் இறங்கினால் ஊர் இரண்டு மைல். பஸ் இருக்கிறது.

கோட்டை என்று நான் சொன்னதும் உன் கண்முன் உங்கள் வேலூர்க் கோட்டைதான் வந்து நின்றிருக்கும். அந்த மாதிரி அகழியோ கருங்கல் மதிலோ இங்கே இல்லை. மியூசியத்துக்குப் பக்கத்தில், புல்தரை நடுவே, கரடுமுரடாகச் சில சுவர்கள் நிற்கும். “இவ்வளவுதானா அக்கா?” என்று சந்துரு கேட்பான். இவ்வளவுதான். ஏன் இவ்வளவுதான் மிஞ்சியது என்பதில்தான் கதை இருக்கிறது.

சுவரை நெருங்கிப் பார். உடைந்த சக்கிமுக்கிக் கற்களும் சுண்ணாம்புக் காரையும்தான் தெரியும். செதுக்கிய கல்லைத் தேடாதே. கட்டியபோது வெளிப்புறம் நல்ல கல்லால் போர்த்தப்பட்டிருந்தது. எசெக்ஸ் மாவட்டத்தில் நல்ல கட்டடக் கல் கிடைப்பதில்லை. வயலில் அகப்படுவதெல்லாம் சக்கிமுக்கிதான். தூரத்திலிருந்து கொண்டுவந்த கல்லுக்கு அத்தனை மதிப்பு. கோட்டைக்குக் காவல் போனதும் அந்தக் கல்லை உரித்து வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நீ பார்க்கப்போவது சுவரின் உட்பகுதி. எனக்கென்னவோ முழுக் கோட்டையைவிட இதில்தான் படிக்க அதிகம் இருப்பதாகத் தோன்றும்.

இது 12-ஆம் நூற்றாண்டுக் கோட்டை. ஜெஃப்ரி டி மாண்டவில் என்ற பிரபுவுடையது. அப்போது இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர். ஸ்டீவன் ராஜாவுக்கும் மட்டில்டாவுக்கும் சண்டை. மட்டில்டா யார் தெரியுமா? ஸ்டீவனின் சொந்த மாமன் மகள். ஜெஃப்ரி இரண்டு பக்கமும் பேரம் பேசிப் பட்டமும் நிலமும் வாங்கிக்கொண்டார். 1143-இல் ஸ்டீவன் அவரைப் பிடித்து வைத்து, லண்டன் டவரையும் வால்டனையும் இன்னொரு கோட்டையையும் ஒப்படைத்தால்தான் விடுவேன் என்றார். விட்டதும் மனிதர் சதுப்பு நிலத்துக்குள் புகுந்து கொள்ளைக்காரர் ஆனார். அடுத்த ஆண்டு, கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பர்வெல் என்ற ஊரில், வெக்கை தாங்காமல் தலைக்கவசத்தைக் கழற்றியபோது அம்பு பட்டதாம். அதிலேயே இறந்தார். திருச்சபை விலக்கி வைத்திருந்ததால் புதைக்க இடமில்லை; உடலை ஈயத்தில் அடைத்து ஏறத்தாழ 20 ஆண்டு வைத்திருந்தார்கள். அவர் நிறுவிய மடம் இருந்த இடத்தில்தான் இப்போது ஆட்லி எண்ட் மாளிகை நிற்கிறது. சண்டை ஓய்ந்தபின் வந்த இரண்டாம் ஹென்றி, பிரபுக்களின் கோட்டைகள் தன் தலைக்கு ஆபத்து என்று பலவற்றை இடிக்க உத்தரவிட்டார். வால்டனும் அதில் ஒன்று.

இனி மியூசியத்தை விட்டுக் கிழக்கே நட. மியூசியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1835-இல் திறந்தது, இங்கிலாந்தின் பழைய மியூசியங்களில் ஒன்று; நின்று பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். கொஞ்ச தூரத்தில் பெரிய பசும்புல் மைதானம் வரும். ‘காமன்’ என்பார்கள், ஊருக்குப் பொதுவானது. முன்பு இதற்குக் ‘காசில் கிரீன்’ என்று பெயர், அதாவது கோட்டைப் புல்வெளி. 1252-இல் வால்டனில் பிரபுக்களின் ஈட்டிப் போட்டி நடந்தது. விளையாட்டு ஈட்டியின் முனையை மழுக்கியிருக்க வேண்டும். ரோஜர் டி லேபர்ன் மழுக்கவில்லை, எதிராளி செத்துப்போனார். பழைய பகை என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். இப்போது அதே மைதானத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், ஊர்ச்சந்தை மாதிரி ராட்டினம் வருகிறது, நாய்கள் ஓடுகின்றன. கோட்டை யாருடையது என்று ராஜாவும் பிரபுவும் அடித்துக்கொண்ட ஊரில், அந்த நிலம் கடைசியில் வந்து சேர்ந்தது இவர்களிடம்.

மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது நான் உன்னை அனுப்புவதற்கான காரணம். தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது. கிட்டே போனால் புல்லில் வெட்டிய வட்டங்கள், அவற்றின் நான்கு மூலைகளிலும் காது மாதிரி வெளியே தள்ளிய வளைவுகள். இது ஒரு சுற்றுவழி: 17 சுற்று, ஒரே பாதை, கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர். பிரான்சில் ஷார்த்ர் தேவாலயத் தரையில் இருக்கும் புகழ்பெற்ற சுற்றுவழியே 11 சுற்றுத்தான், நீளமும் சுமார் 260 மீட்டர்தான். இங்கிலாந்தில் பழைய புல்தரைச் சுற்றுவழிகள் எட்டு மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது இது.

ஊர்க்காரர்கள் இதை ‘டர்ஃப் மேஸ்’, அதாவது புல்தரைப் புதிர்வழி, என்கிறார்கள். அதைக் கேட்டு வழி தவறிவிடுமோ என்று சந்துரு பயப்படப் போகிறான். தவறவே முடியாது. கிளைப் பாதையோ முட்டுச் சந்தோ இல்லை. நுழைந்தால் நடு மேட்டில்தான் கொண்டு விடும். அபிமன்யு கதையை நினைத்துக் கவலைப்படாதே என்று அவனிடம் சொல். உள்ளே போன வழியேதான் வெளியே வர வேண்டும். ஹளேபீடு கோயிலில் சக்கர வியூகத்தை இந்த மாதிரி ஒற்றைச் சுருள் பாதையாகத்தான் செதுக்கியிருக்கிறார்கள். கிரீட் தீவின் பழைய நாணயங்களிலும் அப்படியே. அப்படியானால் கிரேக்கக் கதையில் அந்தத் தீவின் புதிர்வழிக்குள் போன தீசியசுக்கு வழி தெரிய நூல்கண்டு எதற்கு என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். நம் பக்கத்திலும் இது உண்டு. கிருஷ்ணகிரிப் பகுதியில் தரையில் கல் அடுக்கிய இதே அமைப்பை ‘ஏழுசுத்துக் கோட்டை’ என்கிறார்கள். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கெடிமேட்டில் சதுரமாக ஒன்று இருக்கிறது.

நடக்கும் முறையைச் சொல்கிறேன். பாதை புல்மேட்டில் இல்லை. புல்லுக்கு இடையே செங்கல் பதித்த ஒடுக்கமான பள்ளம்தான் பாதை. ஒருவர்தான் நடக்கலாம். மழை பெய்திருந்தால் செங்கல் வழுக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள். எதிரே யாராவது திரும்பி வந்தால் ஒருவர் புல்லில் ஏறி வழிவிட வேண்டும். அப்படி வழிவிட்டு ஏறும்போது எந்தப் பள்ளத்திலிருந்து ஏறினாய் என்று பார்த்துக்கொள். பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டால் உனக்கே தெரியாமல் வந்த வழியே திரும்பிவிடுவாய். நடு மேடு கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் ‘வந்துவிட்டோம்’ என்று தோன்றும். உடனே பாதை உன்னை வெளி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தாண்டிக் குதிப்பார்கள். நீ குதிக்காதே. அரைமணிக்குள் முடிந்துவிடும். பேசாமல் நடக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. இதைத் தவத்துக்கும் தியானத்துக்கும் வெட்டியதாகச் சிலர் சொல்வார்கள், அவ்வளவு நம்பிவிடாதே. இந்த ஊர்ப் பழைய குறிப்பில் இருப்பது வேறு: வாலிபர்கள் விதி வகுத்துக்கொண்டு, கேலன் கணக்கில் பீர் பந்தயம் கட்டி இதில் நடந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பெண் நிற்பாளாம். பையன் கால் இடறாமல் விரைந்து அவளிடம் போய்ச் சேர வேண்டுமாம். நடுவில் ஒரு ஆஷ் மரமும் இருந்தது. 1823-இல் நவம்பர் 5 சொக்கப்பனைக் கூத்தில் அதையும் கொளுத்திவிட்டார்கள்.

எப்போது வெட்டியது என்று கேட்டால் 1699 என்று யாராவது சொல்லுவார்கள். அது கணக்குப் புத்தகத்தில் கிடைக்கும் முதல் ஆண்டு: ஊர்ச் சங்கம் ஒன்று 15 ஷில்லிங் கொடுத்திருக்கிறது. ஆனால் பணம் கொடுத்தது புதிதாக வெட்ட இல்லை, மறுபடி வெட்ட. அப்படியானால் 1699-லேயே அது பழையதாகித் தூர்ந்துபோயிருந்தது. புல்லுக்கு ஒரு குணம் உண்டு, சில ஆண்டு கவனிக்காவிட்டால் பள்ளத்தை மூடிவிடும். இங்கிலாந்தில் எத்தனையோ சுற்றுவழிகள் உழவிலும் புல்லிலும் மறைந்துபோயின. இந்த ஊரில் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை யாரோ காசு கொடுத்து வெட்டியிருக்கிறார்கள். 1911-இல் செங்கல் பதித்தார்கள். 1979-இல் ஆயிரக்கணக்கான செங்கலை எடுத்து மறுபடி பதித்தார்கள். கோட்டைச் சுவரின் கல் வேறு கட்டடங்களுக்குப் போனது. இந்தப் புல்வழிக்கோ ஊரே செங்கல் கொண்டுவந்து வைத்திருக்கிறது. நீ நடக்கும்போது செங்கலின் விளிம்புகளைக் கவனி, எது தேய்ந்தது, எது மாற்றியது என்று கொஞ்சம் தெரியும்.

நேரம் மிஞ்சினால் பிரிட்ஜ் எண்ட் தோட்டத்துக்குப் போங்கள். அங்கே 19-ஆம் நூற்றாண்டு வேலிப் புதிர்வழி இருக்கிறது. அதில் நிஜமாகவே வழி தவறும். முட்டுச் சந்துகள் உண்டு. சந்துருவின் கையை விட்டுவிடாதே. ஊர்ப் பெயரில் இருக்கும் குங்குமப்பூவைத் தேடிக் கடை கடையாக ஏற வேண்டாம். அந்தச் சாகுபடி 18-ஆம் நூற்றாண்டிலேயே நொடித்துப்போனது. பாட்டிக்கு வேண்டுமென்றால் இங்கே கேம்பிரிட்ஜில் காஷ்மீர்ப் பூவே வாங்கிக்கொள்ளலாம்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கியதுமே பலகையில் பார்த்து வை. இட்லி டப்பாவில் மிளகாய்ப்பொடி தனியாக இருக்கிறது.

அன்புடன்,
அத்தை