சங்ககிரிக் கோட்டையிலிருந்து எவ்வளவு தூரம் தெரியும்?

மார்கழி, தை மாதங்களில் கொங்கு நாட்டில் வெயிலின் கடுமை குறைந்திருக்கும். பாறை மலையில் ஏற ஏற்ற காலம் இதுவே. ஒரு விடுமுறை நாளில் வீட்டுப் பெரியவர்களுடன் காரில் சங்ககிரிக்குச் சென்று வரலாம். கோவையிலிருந்து அவிநாசி, பெருந்துறை வழியாகச் சென்று, பவானிக்கு அருகில் காவிரியைக் கடந்தால் குமாரபாளையம். அதற்கு அடுத்தது சங்ககிரி. மொத்தம் சுமார் 125 கி.மீ.

மலையடிவாரம் முதல் உச்சி வரை மதில்களும் வாயில்களும் படிப்படியாக உயர்ந்து செல்கின்றன. பல இடங்களில் அவை இடிந்து கிடக்கின்றன. மைசூர் ஆட்சியில் படைத்தளமாக விளங்கிய இக்கோட்டை, 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கோவைப் பகுதியோ 1799 வரை திப்பு சுல்தானிடமே இருந்தது. ஆகவே அந்த ஏழு ஆண்டுகளும் காவிரியின் அக்கரை ஓர் அரசு, இக்கரை மற்றோர் அரசு. தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்டதும் இங்கேதான்.

அக்காலத்தில் உச்சியில் நின்ற காவலனுக்கு ஒரே வேலைதான்: வருபவரை முன்கூட்டியே காண்பது. அவனால் எவ்வளவு தூரம் காண முடிந்திருக்கும்? கணக்கிட்டுப் பார்ப்போம்.

கணக்கு சொல்வது

புவி உருண்டை. எனவே சமவெளியில் நம் பார்வை ஓரிடத்தில் புவியைத் தொட்டு நின்றுவிடுகிறது, அதுவே தொடுவானம். அவ்விடத்தில் பார்வைக் கோடு புவியின் ஆரத்திற்குச் செங்குத்தாக இருப்பதால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தி, மிகச் சிறிய உறுப்பை நீக்கிவிட்டால்,

பார்வைத் தொலைவின் வர்க்கம் = 2 × புவியின் ஆரம் × உயரம்

புவியின் ஆரம் 6370 கி.மீ. தரையில் நிற்கும் உங்கள் கண்ணின் உயரம் 1.5 மீட்டர், அதாவது 0.0015 கி.மீ. எனில், பார்வைத் தொலைவு சுமார் 4.4 கி.மீ. மட்டுமே. சுற்றுநிலத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 2 × 6370 × 0.4 = 5096. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 71 கி.மீ.! காவிரியோ மேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில்தான் ஓடுகிறது. காவலன் ஆற்றின் இரு கரைகளையும் தாண்டிப் பார்த்திருக்கலாம் அல்லவா?

கண் சொல்வது

விடியற்காலையில் ஏறிப் பாருங்கள். தெற்கே சுமார் 10 கி.மீ. தொலைவிலுள்ள திருச்செங்கோடு மலையே மங்கலாகத் தெரியலாம். காவிரி இருக்கும் திசையில் வெண்மையான படலம் மட்டும் இருக்கலாம். கணக்கில் பிழையில்லை. ஆனால் அது புவியின் வளைவை மட்டுமே கருதியது, இடையிலுள்ள காற்றைக் கருதவில்லை.

பொதுவாக மேலே செல்லச் செல்ல, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 செல்சியஸ் பாகை வீதம் காற்றின் வெப்பநிலை குறையும். குளிர்கால இரவில் இது மாறிவிடுகிறது. மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை விண்வெளிக்கு வீசிவிட்டு விரைவில் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிறது. அதற்கு மேலுள்ள காற்று அவ்வளவு குளிர்வதில்லை. கீழே குளிர், மேலே வெதுவெதுப்பு! இதனை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பர். கனமான குளிர்காற்று மேலெழ முடியாததால் புகை, தூசி, பனிமூட்டம் யாவும் பானைக்கு மூடி போட்டதுபோல் கீழேயே அடைபடுகின்றன. வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று மேலும் கீழும் கலக்கிறது, மூட்டமும் கலைகிறது.

கோட்டைக்காரர்கள் மதிலை உயர்த்தலாம். காற்றைத் தெளிவாக்க முடியாது. குளிர்கால விடியலில், மலை எவ்வளவு உயரமாயினும், காவலனின் கண் குறுகிவிடுகிறது. அந்த வேளையில் ஆற்றைக் கடந்து வருபவருக்கு மூட்டமே திரையாகிவிடும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: இரண்டு வெப்பமானிகள், கடிகாரம், நிலப்படம், குறிப்பேடு.

1. வீட்டிலேயே இரு வெப்பமானிகளையும் ஒரே இடத்தில் வைத்து, அவற்றின் அளவுகளில் வேறுபாடு உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. விடியுமுன் அடிவாரத்தை அடையுங்கள். ஒரு வெப்பமானி பெரியவர் ஒருவருடன் அடிவாரத்தில், நிழலில் இருக்கட்டும். மற்றது உங்களுடன் மலையேறட்டும். இருட்டில் ஏறவேண்டா.

3. அரைமணிக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் இருவரும் நிழலில் அளந்து எழுதுங்கள். ஒரே வெப்பமானியைத் தூக்கிச் சென்று அளந்தால், வெப்பநிலை மாறியது உயரத்தாலா, நேரம் கடந்ததாலா என்று பிரித்தறிய இயலாது.

4. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியும் மிகத் தொலைவான பொருளைக் குறியுங்கள். திருச்செங்கோடு மலையா? காவிரியா? வடகிழக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள சேர்வராயன் மலையா? தொலைவை நிலப்படத்தில் அளந்துகொள்ளலாம்.

மேலும் கீழும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டையும் பார்வைத் தொலைவையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். தலைகீழ் மாற்றம் மறையும் நேரமும், தொலைவு கூடத் தொடங்கும் நேரமும் நெருங்கி வருகின்றனவா?

இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஏறும் நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். தளர்ந்த மதில்கள் மீது ஏறாதீர்கள். கல்லில் பெயர் கிறுக்காதீர்கள். பெயர்ந்த ஒரு கல்லைக்கூட நகர்த்தவேண்டா. மதில் எப்படிச் சரிந்தது என்பதை ஆய்வாளர்கள் அறிய அதன் இடமே சான்று.

சிந்திக்க: நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் சங்ககிரியிலிருந்து நூறு கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. கணக்கின்படி 71 கி.மீ.தானே தெரியவேண்டும்? ஆயினும் காற்று மிகத் தெளிவாக இருந்தால் அச்சிகரம் புவியின் வளைவுக்கு மேலே தலைகாட்டும். ஏன்? (குறிப்பு: சிகரம் சமவெளியிலிருந்து சுமார் 2300 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதன் உச்சியில் நிற்பவருக்குத் தொடுவானம் எவ்வளவு தொலைவில் இருக்கும் என்று முதலில் கணக்கிடுங்கள்.)