பங்குச்சந்தை ஆய்வாளர் சான்றிதழ்: படித்தால் என்ன வேலை?



சென்ற விடுமுறையில் ஒரு பயிற்சி மையத்தின் நோட்டீஸ் கைக்கு வந்தது. "ரிசர்ச் அனலிஸ்ட் சான்றிதழ் வாங்கினால் வேலை உறுதி" என்று போட்டிருந்தார்கள். கட்டணம் இருபதாயிரம் ரூபாய். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு ஆளில்லை. அம்மா மட்டும், "படிப்புக்குத்தானே கண்ணு, தோட்டை அடகு வச்சுத் தர்றேன்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. முதலில் விசாரிப்போம் என்று இறங்கினேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தத் தேர்வை நடத்துவது, செபி 2006-இல் நிறுவிய என்.ஐ.எஸ்.எம். என்ற நிறுவனம். தேர்வின் பெயர் சீரிஸ் 15. இரண்டு மணி நேரம், 100 மதிப்பெண், 60 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் 25 சதவீதம் கழிப்பார்கள். சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். பாடநூலை அவர்களே தருகிறார்கள். நாமே பதிவு செய்து எழுதலாம். பயிற்சி மையம் கட்டாயமில்லை.

அதன்பின் உள்ள வழிகள்:

1. பங்குத் தரகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு. கம்பெனிகளின் கணக்கைப் படித்து, பங்கை வாங்கலாமா விற்கலாமா என்று அறிக்கை எழுதும் வேலை.

2. மியூச்சுவல் ஃபண்டு, காப்பீட்டு நிறுவனங்கள். இங்கே ஆய்வு சொந்த முதலீட்டு முடிவுக்காக.

3. கிரிசில், இக்ரா போன்ற தர மதிப்பீட்டு நிறுவனங்கள். கம்பெனி கடனைத் திருப்பிக் கட்டுமா என்று பார்ப்பார்கள். இந்த இரண்டு இடங்களிலும் சி.ஏ., எம்.பி.ஏ. படித்தவர்களோடு போட்டி போட வேண்டும்.

4. செபியில் பதிவு பெற்றுத் தனி ஆய்வாளராகத் தொழில் செய்வது.

நோட்டீஸில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. செபியின் 2014 விதிமுறைப்படி, பதிவு பெற்ற ஆய்வாளராகச் சான்றிதழ் மட்டும் போதாது, பட்டப்படிப்பும் வேண்டும். முன்பு வெறும் பட்டதாரி என்றால் 5 ஆண்டு அனுபவமும் கேட்டார்கள். 2024 டிசம்பரில் அந்த அனுபவ நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆனால் டிப்ளமோவை வைத்து மட்டும் நுழைய முடியாது. இது தெரியாமல் பணம் கட்டியிருந்தால் தோடு போனதுதான் மிச்சம்.

அதற்காக மனம் தளர வேண்டாம். ஆய்வாளர் வேலையில் பாதி, தொழிற்சாலையைப் புரிந்துகொள்வது. ஒரு வார்ப்பட ஆலையின் ஆண்டறிக்கையில் உற்பத்தித்திறன், கழிவு, மின்செலவு என்று வந்தால், ஒர்க்‌ஷாப்பில் நின்ற நமக்கு அது வெறும் எண் இல்லை. லாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும்தான் நாம் புதிதாகக் கற்க வேண்டியவை.

என் திட்டம் இதுதான். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போவது, தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிப்பது, கடைசி வருடம் தேர்வை எழுதுவது. முன்னாடியே எழுதினால் பட்டம் வாங்குவதற்குள் சான்றிதழ் காலாவதி ஆகிவிடும். அதுவரை மாதம் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படிக்கிறேன். அது இலவசமாகவே கிடைக்கிறது.

தோடு அம்மா காதிலேயே இருக்கிறது. நண்பர்களே, எந்தப் படிப்பானாலும் பணம் கட்டும் முன் விதிமுறையைப் படியுங்கள். நம் வீட்டில் நமக்கு முன்னே போனவர்கள் இல்லை. நமக்குப் பின்னே வரும் தம்பி தங்கைகளுக்காவது நாம் சொல்லிக் கொடுப்போம்.