ஒரு மாதிரி போதாது: பொப்கோன் சீலிங்கில் கை வைக்குமுன்

1990க்கு முன் கட்டிய வீடொன்றை ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வாங்கியிருக்கிறீர்கள். சீலிங் முழுக்க மணி மணியான பொப்கோன் பூச்சு. அதைச் சுரண்டி மட்டமாக்கிப் பொட் லைட் போட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் முடிவெடுத்துவிட்டீர்கள். கொன்ராக்டர் நம்மவர், திங்கட்கிழமை தொடங்கலாம் என்கிறார். அந்தத் திங்கட்கிழமையைத் தள்ளிப் போடுங்கள்.

"நாங்கள் அஸ்பெஸ்டஸ் சோதனை செய்துவிட்டோம், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது" என்பவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. வந்த பிறகுதான் எல்லாம் நடந்தது.

எங்களுடையது 1971இல் கட்டிய பங்களோ. அந்தக் காலத்துப் பொப்கோன் பூச்சில் அஸ்பெஸ்டஸ் கலந்திருப்பது வழக்கம் என்று எனக்கு முன்பே தெரியும். அதனால் கொன்ராக்டரிடம் வாயாலும் சொன்னேன், மெசேஜிலும் எழுதினேன்: முடிவு வரும்வரை சீலிங்கில் கை வைக்கக் கூடாது. "அண்ணை, நீங்கள் ஏன் அலையிறியள்? நானே எடுத்து லாப்புக்கு அனுப்பிவிடுறன், காசும் வேண்டாம்" என்றார். முடிவு வந்தது: கண்டறியப்படவில்லை. மறுநாள் ஹோலில் ஏணி ஏறிவிட்டது. தண்ணீர்கூட அடிக்காமல் காய்ந்தபடியே சுரண்டினார்கள்.

பாதி ஹோல் முடிந்திருந்தபோது பொட் லைட்டுக்கு இடம் பார்க்க எலக்ட்ரிஷியன் வந்தார். வாசலிலேயே நின்று சோதனை அறிக்கையைக் கேட்டார். கொடுத்தேன். முடிவை அவர் பார்க்கவே இல்லை. மாதிரி எடுத்த இடம் என்ற வரியில் விரலை வைத்தார். சின்ன அறை, குளோசெற். "இது குளோசெற்றுக்கு உரிய தாள். ஹோலுக்கு உரியது எங்கே?" என்று கேட்டார். இல்லை என்றதும் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதருக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது.

டோர்ச் அடித்து இரண்டு சீலிங்கையும் பார்த்தேன். குளோசெற்றில் மணிகள் பொடியாக, பளிச்சென்ற வெள்ளையில் இருந்தன. ஹோலில் பருமனாக, பழுப்பேறியிருந்தன. முன்பொரு முறை கூரை ஒழுகியதால் அந்தச் சின்ன அறையின் சீலிங்கை மட்டும் பழைய சொந்தக்காரர் கழற்றிப் புதிதாகப் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு முதியவர் சொல்லித்தான் அது தெரிந்தது. ஏன் அங்கே எடுத்தீர் என்று கொன்ராக்டரிடம் கேட்டேன். "வெட்டின அடையாளம் தெரியாத இடமாப் பாத்து எடுத்தனான்" என்றார். அடையாளம் தெரியாமல் இருப்பதற்காகவா சோதனை?

பிறகு காசு கொடுத்து நிபுணர் ஒருவரைக் கூப்பிட்டேன். சுரண்டாமல் மிஞ்சியிருந்த ஹோல் பகுதியில் மூன்று இடங்களில் எடுத்தார். கிரிசோடைல் அஸ்பெஸ்டஸ், 2 சதவீதம். ஒன்ராறியோவில் எடையில் 0.5 சதவீதம் இருந்தாலே அது அஸ்பெஸ்டஸ் கொண்ட பொருள். ஃபர்னஸ் காற்றை உள்ளிழுக்கும் துவாரம் அதே ஹோலில்தான் இருக்கிறது. சுரண்டும்போது விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஹோல் மட்டுமல்ல, டக்ட், கம்பளம், சோபா என்று முழு வீடும் கணக்கில் வந்தது. சமையலறைக்கென்று சேர்த்து வைத்த காசு துப்புரவோடு போனது. வீட்டுக் காப்புறுதி கைவிரித்துவிட்டது.

எனவே முதல் பாடம்: ஒரு மாதிரியில் "இல்லை" என்று வந்தால், அந்த ஒரு இடத்தில் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஒன்ராறியோவின் 278/05 விதி இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. ஒரே தன்மையான சீலிங் பூச்சு 90 சதுர மீற்றருக்குக் குறைவாக இருந்தால் குறைந்தது மூன்று மாதிரி; 90 முதல் 450 வரை ஐந்து; அதற்கு மேல் ஏழு. "ஒரே தன்மை" என்பதைக் கவனியுங்கள். மணியின் அளவோ நிறமோ மாறினால், பின்னாளில் கட்டிய பகுதியென்றால், ஒழுகித் திருத்திய அறையென்றால், அது தனிச் சீலிங். அதற்குத் தனியாக மூன்று. மாறாக, ஒரு மாதிரியில் "இருக்கிறது" என்று வந்தால் அந்தப் பூச்சு முழுவதற்கும் அதுவே தீர்ப்பு. முதல் மாதிரியில் அகப்பட்டதும் மீதியைப் பார்க்காமல் நிறுத்தும்படி லாப்பிடம் சொல்லி வைத்தால் செலவும் குறையும்.

இரண்டாவது: சீலிங்கைச் சுரண்டிக் காசு வாங்கப் போகிறவர் மாதிரி எடுக்கக் கூடாது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். "இருக்கிறது" என்று வந்தால் அவருடைய வேலை நின்றுபோகும். அப்படிப்பட்டவர் இலவசமாகச் செய்து தரும் சோதனையை வாங்காதீர்கள்.

மாதிரி எடுக்கும் முறையை நீட்ட வேண்டியதில்லை. நிபுணரே எடுப்பது நல்லது. ஃபர்னஸ் விசிறியை நிறுத்த வேண்டும், கீழே பொலித்தீன் விரிக்க வேண்டும், பி100 வடிகட்டி பூட்டிய மாஸ்க் போட வேண்டும், சவர்க்காரம் சில துளி கலந்த தண்ணீரால் இடத்தை ஊற வைக்க வேண்டும். மேல் மணியை மட்டும் தட்டி எடுக்காமல் அடியில் உள்ள ட்ரைவோல் வரை வெட்ட வேண்டும். பையின் மேல் அறையின் பெயரை எழுதி, வெட்டிய இடத்தைப் பூசி மூடிவிட வேண்டும். சாதாரண வக்கியூம் கிளீனரைத் தொடவே கூடாது. அது நாரை வீடெங்கும் ஊதிவிடும்.

கொன்ராக்டரின் கடைசி வாதத்துக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களிடமும் இதைத்தான் சொல்வார்கள். "ஊரில அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழதானே வளந்தனாங்கள், ஒண்டும் ஆகேல்லையே!" கூரைச் சீற்றில் நார் சீமெந்துக்குள் இறுகியிருக்கும், வெட்டினாலோ, துளைத்தாலோ, வெயிலிலும் மழையிலும் சிதைந்தாலோதான் வெளியே வரும். அதுவும் பாதுகாப்பானது என்று நான் சொல்லவில்லை. பொப்கோன் அப்படிக்கூட இல்லை, விரலால் நசித்தாலே பொடியாகும். அந்த நார் நுரையீரலுக்குள் போனால், மெசொதீலியோமா போன்ற புற்றுநோய் 20, 30, 40 வருடம் கழித்தும் வரும். இன்றைக்கு ஒருவரும் இருமவில்லை என்பது எதற்கும் சாட்சியில்லை.

"1980க்குப் பிறகு தடைதானே" என்பதும் தவறு. 1978இல் தெளிபூச்சுக்கு வந்த தடை அமெரிக்காவினுடையது. கனடா, சில விதிவிலக்குகளோடு, அஸ்பெஸ்டஸைத் தடை செய்தது 2018 டிசம்பர் இறுதியில்தான்.

"இருக்கிறது" என்று வந்தால் மூன்று வழி உண்டு. உடையாமல், ஒழுகாமல் இருந்தால் அப்படியே விடலாம். மேலே ட்ரைவோல் அடித்து மூடலாம். ஆனால் திருகாணி ஏறும்போதும் பூச்சு கலையும் என்பதால் பயிற்சி பெற்றவர்களே அடிக்க வேண்டும். மூன்றாவது, அகற்றுவது. ஒரு சதுர மீற்றருக்கு மேல் அகற்றினால் அது அதே 278/05 விதிப்படி ரைப் 3 வேலை: பொலித்தீனால் அறையை அடைத்து, ஹெப்பா வடிகட்டி வழியாகக் காற்றை வெளியே இழுத்து, வேலையாட்கள் குளித்துவிட்டு வெளியேறும் ஏற்பாட்டோடு செய்ய வேண்டும். காற்றில் ஒரு கன சென்றிமீற்றருக்கு 0.01 நாருக்கு மேல் இல்லை என்று அளந்த பிறகே அடைப்பைக் கழற்றலாம்.

பாதி சுரண்டிய ஹோலுக்கு அகற்றுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. படுக்கையறைகளின் சீலிங்கை ட்ரைவோல் அடித்து மூடினோம். எல்லாவற்றையும் ஒரேயடியாக அகற்றியிருக்கலாமே என்று என் மைத்துனர் இன்றும் சொல்கிறார். நான் ஒப்பவில்லை. கலையாத சீலிங்கைக் கலைத்து இன்னொரு முறை பிள்ளைகளை வீட்டை விட்டு வெளியேற்ற நான் தயாராக இல்லை. எந்த அறையில் என்ன மூடப்பட்டிருக்கிறது என்ற தாள்கள் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கின்றன; வீட்டை விற்கும்போது வாங்குபவரிடம் கொடுப்பேன்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் இதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: "ஒவ்வொரு சீலிங்குக்கும் தனித்தனியாக, வேறொருவர் எடுத்த மாதிரிகளின் அறிக்கை வீட்டுக்காரர் கையில் சேரும்வரை எவரும் சீலிங்கைத் தொடக்கூடாது. தொட்டால் துப்புரவுச் செலவு கொன்ராக்டருடையது." என் மெசேஜில் முடிவு வரும்வரை தொடக்கூடாது என்பது மட்டுமே இருந்தது, வேறொருவர் எடுக்க வேண்டும் என்பதும் செலவு யாருடையது என்பதும் இல்லை, அதனால்தான் அவர் இன்றுவரை ஒரு சதமும் தரவில்லை. இதில் கையெழுத்துப் போட மறுப்பவர் உங்கள் சொந்தச் சித்தப்பா மகனாக இருந்தாலும் வேலையைக் கொடுக்காதீர்கள்.