எந்த நாடு என்று கேட்ட மகளுக்கு

பல்லடம்

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். இங்கே தறிக்குடோன் ஓடிக்கொண்டிருக்கிறது.

பொங்கலுக்கு வந்தபோது கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி, நியூசிலாந்து என்று அடுக்கினாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எங்கே சம்பளம் என்ன, குளிர் எப்படி, எத்தனை வருஷத்தில் நிரந்தரமாகத் தங்க பி.ஆர். கிடைக்கும் என்று எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னாய். “எந்த நாட்டுக்குப் போகட்டும் பெரியப்பா?” என்று நீ கேட்ட நேரத்தில் வீடு நிறைய சொந்தபந்தம். உங்கப்பா பேச்சை மாற்றிவிட்டான். போனில் இதைப் பேசினால் பாதியில் உனக்கு அழுகை வரும், எனக்குக் குரல் உயரும். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம்.

போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் நீ வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் என்ன நடந்தது என்று நீயே சொன்னாய். சாம்பிள் ஓகே ஆன ஆர்டரும் அப்படியே நின்றது. நம் தறிப் பக்கமும் கஷ்டம்தான். நெசவுக்கு நமக்குத் தரும் கூலியை உயர்த்தக் கேட்டு 2022இலும் 2025இலும் வாரக்கணக்கில் தறியை நிறுத்திப் போராடினோம். கூலி உயர்வு என்று பேசி முடிப்பது ஒன்று, அது கைக்கு வந்து சேர்வது இன்னொன்று. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பெண் வெளியே போக நினைப்பதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் நாட்டை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அங்கே போய் என்ன செய்வது என்று அப்புறம் யோசிக்கிறாயே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

நாடு நின்ற இடத்தில் நிற்காது. கனடாவைப் பார். மாணவராகப் போகிறவர் செலவுக்கு 10,000 டாலர் கையிருப்பு காட்டினால் போதும் என்று வருஷக்கணக்காக இருந்தது. 2024 ஜனவரி முதல் அதை 20,635 டாலராக ஆக்கினார்கள். அதே மாதம், வருஷத்துக்கு இத்தனை மாணவர்கள்தான் என்று உச்சவரம்பும் வந்தது. சீக்கிரம் விசா கிடைத்துக்கொண்டிருந்த எஸ்.டி.எஸ். வழியை அதே வருஷம் நவம்பரில் மூடிவிட்டார்கள். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், சாதாரண முதுகலை படிக்கப் போகிறவர் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாக் கட்டணம் 710 டாலராக இருந்தது, 2024 ஜூலையில் 1,600 ஆனது, அடுத்த ஜூலையில் 2,000. அமெரிக்கா 2025 செப்டம்பரில் புது எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்தது. இன்றைக்கு நீ பட்டியலில் முதலில் எழுதும் நாடு, நீ பெட்டி கட்டும்போது வேறு நாடாக இருக்கும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அவரவர் வீட்டுக் கதவு, அவரவர் இஷ்டம்.

மாறாமல் உன்னோடு வருவது உன் கைத்தொழில் ஒன்றுதான். போன கோடையில் நம் திண்ணையில் இரண்டு சிவப்புத் துணித் துண்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்கு இரண்டும் ஒரே சிவப்பு. நீ வெயிலில் ஒரு தரம் பிடித்துப் பார்த்தாய், உள்ளே வந்து டியூப் லைட்டின் கீழே ஒரு தரம் பார்த்தாய். “பெரியப்பா, லேப் டிப் சாம்பிளுக்கும் பல்க் துணிக்கும் சாயம் மாறியிருக்கு. கடை லைட்டில் தெரிஞ்சிடும், பையர் வாங்க மாட்டான்” என்றாய். துணியோடு ஐம்பது வருஷம் இருந்த என் கண்ணுக்குத் தெரியாதது உன் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தக் கண்ணுக்கு எந்த ஊரில் வேலை இருக்கிறது என்று தேடு. ஏதோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு பிசினஸ் டிப்ளமோவுக்குப் பணம் கட்டி, துணியையே மறந்துவிட்டு, கடையில் கல்லாவில் நிற்பதற்கா நீ ஜவுளி படித்தாய்? அந்த வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. உனக்கு இருக்கும் திறமைக்கு அது நஷ்டம்.

உன் பட்டியலில் எனக்குப் பிடித்தது ஜெர்மனி. திருப்பூரில் எத்தனையோ நிட்டிங் யூனிட்டுகளில் ஓடும் மேயர் அண்ட் சீ வட்டப் பின்னல் மெஷின் அங்கே ஆல்ப்ஸ்டாட் ஊரில் செய்தது. மோன்ஷன்கிளாட்பாக் ஊரில் இருக்கும் நீடர்ரைன் கல்லூரியில் ஜவுளிக்கும் ஆடைக்கும் என்று தனித் துறையே உண்டு. அந்த நாட்டுப் பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு கொடுப்பவர்கள் தொழிலாளியை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தாக வேண்டும் என 2023இல் சட்டமே வந்தது. அங்கே நீ கொண்டுபோக நம்மிடமும் ஒன்று உண்டு. கழிவுநீர் விஷயத்தில் திருப்பூருக்கு இருக்கிற அனுபவம் சாதாரணமானதில்லை. நொய்யல் ஆறு செத்துக்கொண்டிருந்ததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கப்புறம்தான் சொட்டுக் கழிவும் ஆற்றில் விடாமல் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பச் சாயத்துக்கே எடுக்கும் ஏற்பாட்டுக்கு ஊர் மாறியது. சாயப்பட்டறைக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் நடையாய் நடந்த பெண் நீ. அதையே மேற்படிப்பாக எடுத்துப் போனால், அங்கே உன்னைக் கேள்வி கேட்பவருக்குத் தெரியாததும் உனக்குத் தெரிந்திருக்கும்.

ஜோர்டான், வங்கதேசம் மாதிரி நாடுகள் யார் கனவிலும் வருவதில்லை. ஆனால் கார்மென்ட் வேலை தெரிந்த நம் நாட்டுக்காரர்கள் அங்கே போய்ச் சம்பாதித்து வருகிறார்கள். ஒன்றை மட்டும் கவனி. எத்தியோப்பியாவில் ஹவாசா தொழிற்பேட்டை 2016இல் பெரிதாகத் தொடங்கியது. 2022 ஜனவரியில் அமெரிக்கா அந்த நாட்டின் வரிச்சலுகையை எடுத்ததும் அங்கே வேலைகள் போயின. நம் தொழில் வரி போகும் திசையில்தான் நகரும்.

இனி மனிதர்களைப் பற்றி. நம் குடோனில் பாவு பிணைக்கும் பீகார் தம்பியை உனக்குத் தெரியும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவினவே. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனது. அந்த வாரம் ஒரு ராத்திரி அவன் அம்மா ஊரிலிருந்து அழுதபடி போன் போட்டிருக்கிறாள். காலையில் நான் போனபோது பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நன்றாகத் தமிழ் பேசுகிறவன், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. போலீஸ் அறிவிப்பைப் படித்துக் காட்டினேன், காதில் ஏறவில்லை. பக்கத்து மளிகைக் கடைக்காரர் வந்து, அவன் போனை வாங்கி, தனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் அந்த அம்மாவிடம் பேசினார். பெரியம்மா தட்டில் இட்லி கொண்டு வந்து வைத்தாள். மத்தியானம் பையை அவிழ்த்தான்.

நீ போகும் ஊரில் நீதான் அந்தப் பீகார் தம்பி. 2025 ஆகஸ்ட் 31 அன்று ஆஸ்திரேலிய நகரங்களில் குடியேறிகளுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள், நோட்டீஸில் இந்தியர்களைப் பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். பயந்து வீட்டில் இரு என்று சொல்லவில்லை. நாட்டின் சராசரிச் சம்பளத்தைப் பார்த்த கண்ணால், போகப்போகும் ஊரையும் தெருவையும் பார். காய்ச்சலில் படுத்தால் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள் என்று பார். அங்கே ஏற்கெனவே இருப்பவரோடு பேசும்போது போட்டோவைக் கேட்காதே, முதல் குளிர்காலம் எப்படிப் போனது என்று கேள். இதைச் சொல்கிற உரிமை எனக்கு இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: கிளம்புகிற வரைக்கும், இங்கே வந்து வேலை செய்கிற பிள்ளைகளிடம் நின்று பேசு. வெளியூர்ப் பிழைப்பைப் பற்றி எந்த ஆலோசனை மையமும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பணத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோ அங்கே வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். நம் பணத்தில் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டும். உங்கப்பா தோட்டத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறான், எனக்குத் தெரியும். அவனை அப்படிச் செய்ய விடாதே. எதுவும் கைகூடாமல் நீ திரும்பி வந்தாலும், இன்றைக்குத் திருப்பூரில் வாங்கும் சம்பளத்திலேயே ஐந்து வருஷத்தில் அடைக்க முடிகிற கடன் எவ்வளவோ, அவ்வளவு மட்டும் வாங்கு. அதற்கு மேல் தேவைப்பட்டால் இரண்டு வருஷம் தள்ளிப் போ. இருபத்துநாலு வயதில் இரண்டு வருஷம் ஒன்றும் பெரிதில்லை.

ஏஜென்ட் யாராவது ‘தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, டிக்கெட் இலவசம்’ என்று உன் தோழிகளிடம் சொன்னால் அவர்களைத் தடுத்து நிறுத்து. அப்படிப் போன நம் பிள்ளைகள் 2022இல் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடிபட்டு, அரசு தலையிட்ட பிறகே வீடு வந்தார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்டாலே அவன் ஆள் சரியில்லை.

கோயம்புத்தூரில் கோதே மையம் இருக்கிறது. இந்த மாதமே ஜெர்மன் வகுப்பில் சேர். முதல் இரண்டு நிலைகளை முடித்துவிட்டு வா, அப்புறம் நீயும் நானும் உங்கப்பாவோடு உட்கார்ந்து பேசுவோம். வகுப்புக் கட்டணத்தை நான் கட்டுகிறேன். தோட்டத்துப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா